ஊசி முனையிலிருந்து மாத்திரைக்கு எவ்வளவு தூரம்?



‘வாய்வழி பெப்டைடு மருந்துகளும் கொழுப்பு நானோ துகள்களும்’ என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டும் வந்திருக்கிறீர்களே, அந்தத் துணிச்சலுக்கு முதலில் நன்றி. நான் தலைப்பைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். இன்சுலினை ஏன் மாத்திரையாகத் தர முடியவில்லை? இவ்வளவுதான் இன்றைய பேச்சு.

இந்தக் கேள்வியைக் கேட்காத சர்க்கரை நோயாளி உண்டா? சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023ல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்றது அந்த ஆய்வு. அவர்களில் எத்தனையோ பேர், “இனிமே இன்சுலின் போட்டுக்கணும்” என்று டாக்டர் சொன்னதும், “மாத்திரையையே கொஞ்சம் கூட்டிக் குடுங்களேன் டாக்டர்” என்று கெஞ்சியிருப்பார்கள். நியாயமான கெஞ்சல். ஆனால் நூறு ஆண்டுகளாக அதற்கு மருத்துவத்திடம் பதில் இல்லை.

1922 ஜனவரி 11ஆம் தேதி, கனடாவின் டொரான்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அந்த முதல் மருந்து அவ்வளவு தூய்மையாக இல்லை. பலனும் சொல்லும்படி இல்லை. காலிப் என்ற வேதியியலாளர் அதைச் சுத்தம் செய்து கொடுத்த பிறகு, 12 நாள் கழித்து மறுபடி போட்டார்கள். சிறுவன் பிழைத்தான். இன்சுலினைக் கண்டுபிடித்ததற்காக அடுத்த ஆண்டே பான்டிங்குக்கும் மக்ளியோடுக்கும் நோபல் பரிசு வந்தது. அந்தக் காலத்திலேயே, ஊசிக்குப் பதிலாக வாயால் கொடுத்தால் என்ன என்று பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பார்த்தார்கள், பார்த்தார்கள், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மனிதன் நிலவுக்குப் போய்த் திரும்பிவிட்டான். இன்சுலின் மட்டும் குடலைத் தாண்டவில்லை.

ஏன் தாண்டவில்லை?

பெப்டைடு என்பது அமினோ அமிலங்களைப் பூப்போல வரிசையாகக் கட்டிய ஒரு சரம். சின்னச் சரம் என்றால் பெப்டைடு, நீண்டு சுருண்டால் புரதம். இன்சுலினில் இரண்டு சரங்கள்: ஒன்றில் 21 பூ, மற்றதில் 30 பூ, மொத்தம் 51. நம் வயிற்றின் வேலை என்ன? சரம் எதுவாக இருந்தாலும் அதை அறுத்து உதிரியாக்குவதுதான். இரைப்பையில் அமிலமும் பெப்சின் என்ற நொதியும் அறுக்கின்றன. தப்பி வந்தால் சிறுகுடலில் டிரிப்சின், கைமோடிரிப்சின் என்று கணையம் அனுப்பும் நொதிகள் காத்திருக்கின்றன. வேடிக்கையைப் பாருங்கள்: இன்சுலினைச் சுரப்பதும் கணையம், விழுங்கிய இன்சுலினை அறுத்துப் போடுவதும் அதே கணையம்! குடலுக்கு இன்சுலினும் ஒன்றுதான், இட்லியில் இருக்கும் உளுந்தும் ஒன்றுதான்.

சரி, அறுபடாமல் ஒரு பங்கு தப்பிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே விடுமா குடல்? விடாது. குடலின் உட்பரப்பை மடிப்பு மடிப்பாக விரித்துப் போட்டால் ஏறத்தாழ 30 சதுர மீட்டர் வரும். பாதி பேட்மின்டன் மைதானம். (டென்னிஸ் மைதானம் அளவு என்று பழைய பாடப்புத்தகங்களில் இருக்கும், அந்தக் கணக்கை இப்போது குறைத்துவிட்டார்கள்.) அவ்வளவு பெரிய பரப்பையும் மூடியிருப்பது ஒரே ஓர் அடுக்கு செல்கள். ஆனால் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கு ஒரு நானோமீட்டர்கூடத் தேறாது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் நானோமீட்டர். இன்சுலின் மூலக்கூறின் குறுக்களவோ ஏறத்தாழ மூன்று நானோமீட்டர். எப்படி நுழையும்?

இந்தக் குடல் என்றைக்கும் இப்படித்தானா என்று கேட்டால், இல்லை. மாடு வளர்ப்பவர்கள் இந்த அவையில் இருந்தால் அவர்களுக்குத் தெரியும். கன்று பிறந்தவுடன் சீம்பால் ஊட்டியாக வேண்டும். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விடக் கூடாது. ஏன்? பசுவின் வயிற்றுக்குள் இருக்கும்போது தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் கன்றுக்குப் போய்ச் சேர்வதில்லை. எல்லாம் சீம்பாலில்தான் வருகின்றன. அவை இன்சுலினைவிட இருபது மடங்குக்கும் மேல் பெரிய புரதங்கள். அவ்வளவு பெரியதையும் பிறந்த கன்றின் குடல் அப்படியே, அறுக்காமல், ரத்தத்துக்குள் விடுகிறது. எத்தனை நேரம்? ஏறக்குறைய ஒரே நாள். மணிக்கு மணி குறைந்துகொண்டே வந்து, மறுநாள் கதவு சாத்தப்படுகிறது. சாத்தாவிட்டால் என்ன ஆகும்? எதிர்ப்புப் புரதம் போன வழியிலேயே கிருமியும் அதன் நஞ்சும் போகும். குடல் மருந்தை மறுப்பது அதன் குறையல்ல. உயிரைக் காக்கும் குணம். இந்தத் துறையில் இறங்குகிறவர்கள் முதலில் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

அப்படியானால் வழியே இல்லையா? ஒரு வழி இருக்கிறது. குடல் யாரைத் தினமும் முறையாக உள்ளே அழைத்துக்கொள்கிறது? கொழுப்பை! தாளித்த எண்ணெய், நெய், தேங்காய்ப்பால், எதுவாக இருந்தாலும் பித்தநீர் அதை நுண்ணிய துளிகளாக உடைக்கிறது, நொதி பிரிக்கிறது, செல்கள் எடுத்துக்கொள்கின்றன. நீளமான கொழுப்பு அமிலங்கள் கல்லீரலுக்குப் போகாமல், நிணநீர்க் குழாய் வழியாகச் சுற்றுப் பாதையில் ரத்தத்தில் கலக்கின்றன. அந்தக் கொழுப்புக்குள் மருந்தை ஒளித்து வைத்து அனுப்பினால்?

மருந்தோடு எதைச் சேர்த்துக் கொடுப்பது என்று யோசிப்பது நமக்குப் புதிதல்ல. சித்த மருத்துவத்தில் அனுபானம் என்றே தனியாகச் சொல்லி, இன்ன மருந்தைத் தேனில், இன்னதை நெய்யில், இன்னதைப் பாலில் என்று வகுத்திருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு ‘நானோ மருத்துவம் அன்றே நம்மிடம் இருந்தது’ என்று யாரும் வாட்சப்பில் போட்டுவிட வேண்டாம். கேள்வி பழையது. விடை தேடும் கருவிகள் புதியவை.

1960களில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் என்ற ஆய்வாளர், சில கொழுப்புகளை நீரில் போட்டால் அவை தாமாகவே சுருண்டு நுண்ணிய பைகளாக மாறுவதைக் கண்டார். லைப்போசோம் என்று பெயர் வந்தது. 1976ல் லண்டனில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அந்தப் பைக்குள் இன்சுலினை வைத்து எலிகளின் வயிற்றுக்குள் செலுத்தின. சர்க்கரை குறைந்தது. எவ்வளவு உற்சாகம் பிறந்திருக்கும்! ஆனால் இன்னொரு முறை, இன்னோர் இடத்தில் செய்தால் அதே பலன் வரவில்லை. ஓர் எலிக்குக் குறைந்தது, இன்னொன்றுக்கு அசையவில்லை. காரணம் தெளிவு. கொழுப்பை உடைப்பதற்கென்றே இருக்கும் பித்தநீர், இந்தப் பையையும் கொழுப்பென்றே நினைத்து உடைத்துவிட்டது. எந்த நட்பை நம்பிப் போனோமோ அந்த நட்பே காட்டிக் கொடுத்துவிட்டது!

பை உடைகிறதா? உறைந்த கொழுப்பில் செய்வோம் என்றார்கள். 1990களில் பெர்லினில் முல்லர் என்ற ஆய்வாளரும் இத்தாலியின் டூரினில் காஸ்கோ என்பவரும் உடல் வெப்பத்திலும் உருகாத கொழுப்பில் திண்மத் துகள்கள் செய்தார்கள். ஒவ்வொன்றும் நூறு, இருநூறு நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே சில நூறு துகள்களை அடுக்கலாம். இதில் ஒரு சங்கதி எனக்கு மிகவும் பிடிக்கும். சுத்தமான கொழுப்பு நாள்பட நாள்பட அழகாக, ஒழுங்காகப் படிகமாகிறது. ஒழுங்கு கூடக் கூட உள்ளே மருந்துக்கு இடமில்லாமல் போய் வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் வேண்டுமென்றே கொஞ்சம் திரவ எண்ணெயைக் கலந்து அந்த ஒழுங்கைக் கெடுத்தார்கள். அடுக்கு கோணலானது, கோணலில் இடைவெளி பிறந்தது, இடைவெளியில் மருந்து தங்கியது. ஒழுங்கீனத்தால் பயன் உண்டு என்று மாணவர்களுக்குச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் உண்மை அதுதான்.

இன்னொரு தொல்லை. பெப்டைடுகள் பெரும்பாலும் தண்ணீரில் கரைபவை. கொழுப்புக்குள் போய் உட்கார் என்றால் உட்காராது. அதற்கும் வழி கண்டார்கள். பெப்டைடில் இருக்கும் நேர்மின் முனைகளோடு, எதிர்மின் தலையும் கொழுப்பு வாலும் கொண்ட சோப்பு போன்ற ஒரு மூலக்கூறைச் சேர்த்துவிட்டால் மின்னேற்றம் சமனாகிவிடும். பெப்டைடு கொழுப்பில் கரையும். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் பெர்ன்கோப்-ஷ்னூர்ஹ் என்பவரின் ஆய்வுக்குழு இதில் நிறைய வேலை செய்திருக்கிறது.

அதன் பிறகு சளிப்படலம். குடல் சுவரின் மேல் வழவழப்பாக ஒரு படலம் எப்போதும் சுரந்து, எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இந்தப் படலத்தைக் கடக்கத் துகளின் மேற்பரப்பு தண்ணீரோடு உறவாக, நேர்மின்னேற்றம் இல்லாததாக இருக்க வேண்டும்; இல்லையேல் ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடும். படலத்தைத் தாண்டியதும் செல்லுக்குள் நுழைய என்ன வேண்டும்? நேர் எதிரானது! கொழுப்போடு உறவும் நேர்மின்னேற்றமும் வேண்டும். போகிற வழியில் வேஷம் மாற வேண்டும் என்றால் யார் மாற்றுவது? குடல் சுவரிலேயே இருக்கும் ஒரு நொதியைக் கொண்டு மாற்றலாம் என்று காட்டினார்கள். துகளின் மேல் பாஸ்பேட்டைப் பூசி அனுப்பினால், சுவரை நெருங்கும்போது அந்த நொதி பாஸ்பேட்டை வெட்டிவிடும். மின்னேற்றம் அங்கேயே, அப்போதே மாறும். அறுக்கிறவனையே கூலிக்கு அமர்த்திய கெட்டிக்காரத்தனம்.

சில கொரோனா தடுப்பூசிகளில் வந்தது இந்தத் துகள்தானே என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. அதே குடும்பம்தான். ஆனால் அது கையில் ஊசியாகப் போட்டது. தசைக்குள் பித்தநீர் கிடையாது, டிரிப்சின் கிடையாது, சளிப்படலம் கிடையாது. அங்கே வென்றதாலேயே குடலிலும் வெல்லும் என்று சொல்ல முடியாது.

இத்தனை சாமர்த்தியம் இருந்தும் ஏன் மாத்திரை வரவில்லை? இங்கேதான் உங்களைக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரச் சொல்கிறேன். குடலைத் தாண்டுவது ஒரு பிரச்சினை. தினமும் ஒரே அளவில் தாண்டுவது வேறு பிரச்சினை. பத்திரிகைகள் முதல் பிரச்சினையைப் பற்றி எழுதுகின்றன. நோயாளி வாழ்வதும் சாவதும் இரண்டாவதில்.

சைக்ளோஸ்போரின் கதையைக் கேளுங்கள். 1969ல் சாண்டோஸ் என்ற சுவிஸ் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் விடுமுறைக்கு நார்வே போனார். போன இடத்தில், நிறுவன வழக்கப்படி, ஹார்டாங்கர்விடா என்ற மேட்டுநிலத்தில் கொஞ்சம் மண் அள்ளிக்கொண்டு வந்தார். அந்த மண்ணின் பூஞ்சையிலிருந்து வந்தது 11 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடு. இது நுனியில்லாத வளையம். நொதிகளுக்கு அறுக்கப் பிடி கிடைக்காது. தண்ணீரிலும் கரையாது. மாற்று உறுப்பை உடல் தள்ளிவிடாமல் தடுக்கும் குணம் இதற்கு இருந்தது. இதை எப்படிக் கொடுப்பது? கேம்பிரிட்ஜில் உறுப்பு மாற்று அறுவை மருத்துவர் ராய் கேல்னிடம் பணியாற்றிய கொஸ்டாகிஸ் என்ற கிரேக்க இளைஞர் ஆலிவ் எண்ணெயில் கரைத்தார். மாற்று இதயம் பொருத்திய எலிகள் எதிர்பாராத அளவுக்கு உயிர் வாழ்ந்தன. 1983ல் அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி வந்தது. எண்ணெய்க் கரைசலாக, கண்ணாடித் தம்ளரில் பாலோடு கலக்கிக் குடிக்க வேண்டும்.

குடித்ததில் எவ்வளவு ரத்தத்தில் சேர்ந்தது? கல்லீரல் மாற்றிய சிலருக்குப் பத்து சதவீதம்கூடச் சேரவில்லை. சிறுநீரகம் மாற்றிய சிலருக்கு 89 சதவீதம் வரை சேர்ந்தது. ஒரே மருந்து, ஒரே பாட்டில்! குறைந்தால் உடல் உறுப்பை நிராகரிக்கும். கூடினால் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். டாக்டர் என்ன செய்வார்? ஏன் இந்த வித்தியாசம்? கல்லீரல் மாற்றியவர்களுக்கு அப்போது பித்தநீரைக் குழாய் வைத்து வெளியே வடியவிடுவார்கள். பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் எண்ணெய் உடையாது. எண்ணெய் உடையாவிட்டால் மருந்து சேராது.

1990களின் நடுவில் இதே மருந்தைப் புதிய கொழுப்புக் கலவையில் கொண்டுவந்தார்கள். கேப்சூல் வயிற்றில் உடைந்ததும், பித்தநீருக்காகக் காத்திராமல், தானாகவே நூறு நானோமீட்டருக்கும் குறைவான துளிகளாகப் பிரிந்துவிடும். அதில் புதிய மூலக்கூறு எதுவும் இல்லை. மருந்து அதே மருந்துதான். ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் இருந்த ஏற்ற இறக்கம் குறைந்தது, அதுதான் வெற்றி. வாய்வழி பெப்டைடில் கொழுப்பு நானோ துளிகள் உலகுக்குச் செய்து காட்டிய பெரிய காரியம் எது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன். எலியின் சர்க்கரை எத்தனை சதவீதம் இறங்கியது என்ற படங்களை அல்ல.

அடுத்து 2019க்கு வருவோம். செமாக்ளூடைடு என்ற சர்க்கரை நோய் மருந்தின் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 31 அமினோ அமிலப் பெப்டைடு, ஊசியாக ஏற்கெனவே புகழ்பெற்றது. மாத்திரையில் இதோடு 300 மில்லிகிராம் ‘ஸ்னாக்’ என்ற உப்பைச் சேர்த்திருக்கிறார்கள். எட்டு கார்பன் கொழுப்பு அமிலத்திலிருந்து செய்த உப்பு அது. அந்த எட்டு கார்பன் அமிலம் நம் தேங்காய் எண்ணெயிலும் இருக்கிறது. (தேங்காய் எண்ணெயோடு இன்சுலினைக் குடித்துப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். கூடாது.) இது நானோ துகள் அல்ல. மாத்திரை இரைப்பையின் சுவரில் படிந்து கரைகிறது. அந்த ஓர் இடத்தில் மட்டும் உப்பு அமிலத்தைத் தணிக்கிறது, பெப்சின் ஓய்கிறது, பெப்டைடு செல் வழியாக உள்ளே போகிறது.

சாப்பிடும் முறையைப் பாருங்கள். காலையில் எழுந்ததும், வெறும் வயிற்றில். தண்ணீர் 120 மில்லிக்கு மேல் கூடாது, அரை டம்ளர். அதன் பிறகு குறைந்தது அரை மணி நேரம் வேறு எதுவும் கூடாது. காபி? கூடாது. வேறு மாத்திரை? அதுவும் கூடாது. கும்பகோணத்தில் ஒருவரை எழுந்து அரை மணி நேரம் காபி இல்லாமல் உட்கார வைப்பதைவிட ஊசி போடுவது சுலபம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் குடித்தால் உப்பு நீர்த்துவிடும். நீர்த்தால் மருந்து சேராது. ரத்தத்தில் சேர்வது இவ்வளவுக்குப் பிறகும் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான்!

கணக்குப் போடுங்கள். மாத்திரை நாளைக்கு 14 மில்லிகிராம், வாரத்துக்கு 98. ஊசியாகவோ வாரத்துக்கு ஒரு மில்லிகிராமில் காரியம் முடிகிறது. கிட்டத்தட்ட நூறு பங்கு மருந்தைத் தயாரித்து, 99 பங்கைக் குடலுக்குக் காணிக்கை செலுத்துகிறோம். அப்படியும் இந்த மாத்திரை ஏன் வேலை செய்கிறது? செமாக்ளூடைடு உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதன் மூலக்கூறிலேயே ஒரு கொழுப்பு வால் ஒட்டியிருக்கிறது. அது ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறாமல் சுற்றுகிறது. அதனால் இன்று கொஞ்சம் குறைவாகச் சேர்ந்தாலும் நாளை கொஞ்சம் கூடச் சேர்ந்தாலும் வாரக் கடைசியில் சராசரியாகிவிடும். ஏற்ற இறக்கத்தை மூலக்கூறே விழுங்கிவிடுகிறது.

இன்சுலினுக்கு அந்தச் சலுகை உண்டா? சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின் சில மணி நேரத்தில் வேலையை முடிக்க வேண்டும். இன்று 2 சதவீதம் சேர்ந்து, நாளை 4 சதவீதம் சேர்ந்தால் என்ன பொருள்? நாளைக்கு இரட்டை டோஸ். லோ சுகர். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பாதி ராத்திரியில் சர்க்கரை டப்பாவைத் தேடும் நிலை. நூற்றில் இரண்டு பங்கு ஆடினாலே இந்த ஆபத்து. ஊசியில் இந்தப் பயம் அவ்வளவு இல்லை. போட்டதில் பெரும்பகுதி சேர்ந்துவிடுகிறது.

முயன்றவர்கள் சாதாரணமானவர்கள் அல்ல. பெங்களூரின் பயோகான், இன்சுலினில் ஒரு சிறு வாலை வேதியியல் முறையில் ஒட்டி மாத்திரை செய்தது. மூன்றாம் கட்ட ஆய்வு இலக்கை எட்டவில்லை என்று 2011ல் அறிவித்தது. இஸ்ரேலின் ஓராமெட் நிறுவனத்தின் இன்சுலின் கேப்சூல் 2023 ஜனவரியில் அதே இடத்தில் இடறியது. எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது நோவோ நார்டிஸ்க் நிறுவனத்தின் ஐ338 என்ற இன்சுலின் மாத்திரை. ஏனென்றால் அது தோற்கவில்லை! ஐம்பது நோயாளிகள், எட்டு வாரம். பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு கிளார்ஜின் என்ற மெதுவான இன்சுலின் ஊசி. சர்க்கரைக் கட்டுப்பாடு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். 2019ல் முடிவை வெளியிட்டார்கள். ஆனால் திட்டத்தைக் கைவிட்டார்கள். சேரும் அளவு அவ்வளவு குறைவு. தேவைப்படும் இன்சுலினோ அவ்வளவு அதிகம். அத்தனை இன்சுலினைத் தயாரித்துக் கட்டுபடியாகும் விலைக்கு விற்க முடியாது.

வாய்வழி இன்சுலினுக்கு ஊசியில் கிடைக்காத ஒரு நன்மை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். கணையம் சுரக்கும் இன்சுலின் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. ஊசியில் போட்டது முதலில் உடல் முழுவதும் சுற்றுகிறது. குடல் சுவரின் ரத்தக் குழாய் வழியாகச் சேர்ந்தாலோ இயற்கையைப் போலக் கல்லீரலுக்கே முதலில் போகும். நிணநீர் வழியாகப் போகும் கொழுப்புத் துகளில் இந்த நன்மை கிடைக்காது. ஆக, எந்த வழியாகப் போக வேண்டும் என்பதையும் மருந்துக்கு மருந்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. எல்லா பெப்டைடுக்கும் ஒரே துகள் என்று யாராவது விற்க வந்தால் நான் வாங்க மாட்டேன்.

அப்படியானால் முதலில் வரப்போகும் இன்சுலின் மாத்திரை எப்படி இருக்கும்? என் கணிப்பு இது. சாப்பாட்டு நேர இன்சுலின் வராது. ராத்திரி ஒரு முறை போடுகிறோமே, அந்த மெதுவான இன்சுலினின் நீண்ட ஆயுள் வடிவம்தான் வரும். ஐ338 அப்படித்தான் இருந்தது. அது உடலில் பாதியாக ஏறத்தாழ 70 மணி நேரம் ஆனது. அதைச் சுமக்க, பித்தநீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் ஒரு கொழுப்புத் துகள் வேண்டும். சேர்மானம் ஒரு சதவீதத்திலிருந்து ஐந்து சதவீதத்துக்கு ஏறினால் தேவைப்படும் இன்சுலின் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். நோவோவைத் தடுத்த விலைக் கணக்கு அங்கே மாறும். எலியில் அல்ல, எழுபது வயதுத் தாத்தாவின் குடலில் அந்த ஐந்து சதவீதம் திங்கள்கிழமையும் வர வேண்டும், வெள்ளிக்கிழமையும் வர வேண்டும். பின்வரிசை மாணவர்களே, ஆய்வுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கிறீர்கள் அல்லவா? துகளைச் செய்து காட்டுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஒரே ஆளுக்குப் பத்து நாள் கொடுத்துப் பத்து நாளும் அளந்து காட்டுகிறவர்கள்தான் குறைவு.

இனி கேள்விகளுக்கு வருவோம். ஒலிபெருக்கியைப் பின்னால் கொண்டுபோய்க் கொடுங்கள்.